பர்மாவில் ஜப்பான் வண்டி: எல்இடி மாட்டும் முன் ஹெட்லைட் எந்தப் பக்கம் தூக்குகிறது என்று பாருங்கள்

பெகு வண்டி

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது பழைய டொயோட்டா புரோபாக்ஸ். காய்கறி ஏற்றிக்கொண்டு விடியும் முன்பே பெகுவிலிருந்து ரங்கூன் சந்தைக்குக் கிளம்புவேன். கரண்ட் இல்லாத இரவுகளில் ஊருக்குள்ளேயே ரோடு கும்மிருட்டு. வலது ஓரமாகச் சைக்கிளில் போகிறவரும் மாட்டு வண்டியும் கிட்டத்தில் வந்த பிறகுதான் கண்ணில் படுகிறார்கள். இத்தனைக்கும் நான் டிம்மில்தான் போகிறேன். ஆனாலும் எதிரே வருகிறவர்கள் லைட் அடித்து அடித்துக் காட்டுகிறார்கள். எனக்கும் தெரியவில்லை, அவர்களுக்கும் கூசுகிறது.

கடையில் 20,000 லுமன் (வெளிச்சத்தின் அளவு) எல்இடி ஒன்று காட்டினார்கள். இன்னொரு கடையில் 100/90 வாட் ஹாலஜன் (பிரைட்டுக்கு 100, டிம்முக்கு 90) போதும் என்றார்கள். எதை வாங்கலாம்? வண்டியில் இப்போது இருப்பது டிம்மும் பிரைட்டும் ஒன்றிலேயே வருகிற சாதாரண எச்4 ஹாலஜன் பல்பு.

இரவுப் பறவை

யோசிக்காமல் எல்இடி போடுங்கள். நான் மாட்டியபிறகு ரோடு பகல் மாதிரி இருக்கிறது. ஹாலஜன் மஞ்சள் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு இந்த ரோட்டில் ஓட்ட முடியாது. நல்ல ஃபேன் வைத்த பல்பாகப் பார்த்து வாங்குங்கள், அவ்வளவுதான்.

விளக்கு வேலை

தம்பி, காசைக் கொஞ்சம் கையிலேயே வைத்திருங்கள். நான் ரங்கூனில் வண்டி எலெக்ட்ரிக் வேலை பார்க்கிறவன். நீங்கள் சொன்ன இரண்டு குறைக்கும் காரணம் ஒன்றுதான். அதற்கும் பல்புக்கும் சம்பந்தம் இல்லை.

டிம் வெளிச்சம் இரண்டு பக்கமும் ஒரே உயரத்துக்குப் போகாது. எதிர்வண்டி வரும் பக்கத்தில் மட்டமாக வெட்டியிருக்கும். ரோட்டோரப் பக்கத்தில் சுமார் 15 டிகிரி சாய்வாக மேலே ஏறும். ஓரத்தில் நடக்கிறவரையும் மைல் கல்லையும் தூரத்திலேயே காட்டுவதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். ஜப்பானில் வண்டி இடது பக்கம் ஓடுவதால் அங்கே செய்த விளக்கு இடது பக்கம் தூக்கும். நாம் 1970 டிசம்பர் 6 முதல் வலது பக்கம் ஓட்டுகிறோம். ஆக, ஓரத்தைக் காட்ட வேண்டிய வெளிச்சம் நடுக்கோட்டைத் தாண்டி எதிரே வருகிறவர் முகத்துக்கு ஏறுகிறது. ஓரத்துக்குக் கிடைப்பது வெட்டுப்பட்ட பக்கம். வண்டி, ஸ்டியரிங், விளக்கு மூன்றும் ஒரு நாட்டுக்குச் செய்தவை, ரோடு இன்னொரு நாட்டுடையது. இடதுகை ஸ்டியரிங் வண்டிகளைத்தான் இறக்க வேண்டும் என்று பிறகு விதி வந்தாலும், ரோட்டில் ஓடுகிறவற்றில் பழைய வலதுகை வண்டிகள்தான் இன்னும் ஏராளம்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். உங்கள் விளக்கு தரையிலிருந்து 26 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். சரியாகச் செட் பண்ணிய விளக்கில் மட்டமான பக்கம் 25 அடிக்கு 3 அங்குலம் இறங்கும். 165 அடி தூரத்தில் வலது ஓரத்தில் ஒருவர் நடந்து போனால், தரையிலிருந்து அரை அடிதான் வெளிச்சம் இருக்கும். அவருடைய செருப்பும் கணுக்காலும் தெரியும், மேலே ஒன்றும் தெரியாது. மணிக்கு 40 மைலில் வண்டி ஒரு நொடிக்கு 59 அடி ஓடுகிறது. ஆளைக் கண்டு, கால் பிரேக்குக்குப் போகும் ஒன்றரை நொடியிலேயே 90 அடி போய்விடும். பிரேக் பிடித்து நிற்பதற்கு மிச்சமுள்ள தூரம் காய்ந்த ரோட்டுக்கே நெருக்கடி, மழையில் பற்றாது.

முதலில் இதைச் செய்யுங்கள். மட்டமான தரையில், சுவருக்கு 25 அடி முன்னால் வண்டியை நிறுத்துங்கள். டயர் காற்று சரியாக இருக்கட்டும், டிரைவர் சீட்டில் ஒருவர் உட்காரட்டும். விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் குறித்துக்கொண்டு டிம் போடுங்கள். ஒரு விளக்கைத் துணியால் மறைத்து மற்றதைப் பாருங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு எந்தப் பக்கம் மேலே ஏறுகிறது என்று எழுதுங்கள். பிறகு பல்பைப் பற்றிப் பேசுவோம்.

தொங்குவா லாரி

அண்ணன் சொன்னது முழுக்க உண்மை. ராத்திரி ஓட்டத்தில் என் கண்ணைக் கெடுப்பது பெரும்பாலும் சின்ன வண்டிகள்தான். லாரி, பஸ் உயரமாக இருந்தாலும் பழைய டிரைவர்கள் டிம் பண்ணுவார்கள். சின்ன வண்டிக்காரர்கள் டிம்மில் வந்தாலும் கூசும்.

இன்னொன்றும் இருக்கிறது. பெகு வண்டித் தம்பி காய்கறி ஏற்றுகிறார். பின்னால் சுமை ஏறினால் பின்பக்கம் தாழும், மூக்கு தூக்கும், வெளிச்சமும் கூடவே தூக்கும். டேஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட சின்னச் சக்கரம் இருந்தால் அது விளக்கை இறக்குவதற்குத்தான். 0 வைத்தால் உயரம், எண் கூடக் கூட வெளிச்சம் இறங்கும். மூட்டை ஏற்றியதும் அதைத் திருப்புங்கள், இறக்கியதும் திரும்ப 0வுக்குக் கொண்டுவாருங்கள். நிறைய பேர் அதைத் தொட்டதே இல்லை. பாதி வண்டிகளில் ஒயரும் அறுந்து கிடக்கும், ஆகவே திருப்பும்போது வெளிச்சம் உண்மையிலேயே இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரவுப் பறவை

விளக்கு இடது பக்கம் தூக்கினால் என்ன? இங்கே எதிரே வருகிற டிரைவரும் வலதுகை ஸ்டியரிங்தானே. அவர் நடுக்கோட்டிலிருந்து தள்ளி, தன் வண்டியின் ஓரப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். இடதுகை வண்டி டிரைவரைவிட அவருக்குக் கூச்சம் குறையத்தான் வேண்டும்.

விளக்கு வேலை

நல்ல கேள்வி. ஆனால் நடப்பது நேர்மாறு. வெட்டுக் கோடு சாய்வாக ஏறுவதால், எதிராளி நம் நேர்க்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி உட்காருகிறாரோ அவ்வளவு உயரத்துக்கு வெளிச்சம் அவரிடம் போகும். அதே 165 அடியைப் பாருங்கள். நம் விளக்குக்கு 10 அடி இடது பக்கம் தள்ளி வெளிச்சத்தின் விளிம்பு தரையிலிருந்து 38 அங்குலம். 15 அடி தள்ளிப் பார்த்தால் 54 அங்குலம். காரில் உட்கார்ந்திருப்பவர் கண் சுமார் 48 அங்குலம். நடுக்கோட்டுப் பக்கம் உட்காரும் இடதுகை டிரைவர் தப்பிக்கிறார், ஓரத்துப் பக்கம் உட்கார்ந்திருக்கிற நம் ஆள்தான் மாட்டிக்கொள்கிறார்.

வலது பக்கம் தூக்குகிற சரியான விளக்கில் இடது பக்கம் முழுக்க மட்டம். இருவருக்குமே கூசாது.

மோல்மீன் பெரியவர்

பிள்ளைகளா, இடது பக்கம் ஓட்டிய காலமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்போது வண்டிகளில் வட்டமான கண்ணாடி விளக்கு. கண்ணாடியிலேயே வரிவரியாகப் பள்ளம் மேடு இருக்கும், அதுதான் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிரித்துவிடும். 70இல் பக்கம் மாறியபோது வண்டி மாறவில்லை, ஸ்டியரிங் மாறவில்லை, விளக்கும் மாறவில்லை. வேகம் குறைவு, வண்டியும் குறைவு என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போதைய வேகத்துக்கு அது பெரிய விஷயம்.

கூசும்போது எதிர் விளக்கைப் பார்க்காதீர்கள். வலது ஓரக் கோட்டையோ மண் விளிம்பையோ பிடித்துக்கொண்டு வேகத்தைக் குறையுங்கள். நாம் ஓரத்துப் பக்கம் உட்காருவதால் முந்தும்போது முன்னால் வருவது தெரியாது. இடது சீட்டில் ஆள் இல்லாவிட்டால் இருட்டில் முந்தவே வேண்டாம்.

பெகு வண்டி

அண்ணே, சுவரில் பார்த்துவிட்டேன். இரண்டு விளக்கும் இடது பக்கம்தான் தூக்குகின்றன. சாய்வு அப்படியே தெளிவாகத் தெரிகிறது, வலது பக்கம் கோடு போட்ட மாதிரி மட்டம். போதாததற்கு வலது விளக்கு மற்றதைவிட ஒரு சாண் உயரத்தில் நிற்கிறது. இனி என்ன செய்வது? எல்இடி போட்டால் இந்தத் திசை மாறுமா?

விளக்கு வேலை

மாறாது. திசையைத் தீர்மானிப்பது விளக்குக் கூடும், அதன் உள்ளே பல்பு வெளிச்சத்தை முன்னால் திருப்பி அனுப்புகிற ரிஃப்ளெக்டரும். எச்4 பல்பு இடது ஓட்டத்துக்கும் வலது ஓட்டத்துக்கும் ஒன்றேதான். தவறான பக்கம் போகிற வெளிச்சத்தை எல்இடி இன்னும் கூட்டும், வேறொன்றும் செய்யாது.

எச்4 பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு இழை. டிம் இழைக்கு அடியில் சின்ன உலோகக் கிண்ணம் ஒன்று இருக்கும். கீழ்நோக்கிப் போகிற வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் அடிப்பாதியில் பட்டு மேலே எகிறாமல் தடுப்பது அதுதான். ரிஃப்ளெக்டரை அந்த நூல் போன்ற இழைக்கும் கிண்ணத்துக்கும் கணக்குப் போட்டு வார்த்திருக்கிறார்கள். எல்இடி பல்பில் இழை கிடையாது, இரண்டு பக்கமும் தட்டையான சில்லு. இடம் ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் வெட்டுக் கோடு கலங்கிவிடும்.

பெட்டியில் எழுதியிருக்கும் 20,000 லுமனை நம்ப வேண்டாம். நல்ல எச்4 ஹாலஜன் டிம்மில் சுமார் 1,000 லுமன், பிரைட்டில் 1,650. சில ஜப்பான் வண்டிகளோடு வருகிற 35 வாட் செனான் (இழை இல்லாத வாயு பல்பு) கூட 3,200தான். எல்இடி ஒரு வாட்டுக்கு 100, 150 லுமன் தரும். 20,000 வேண்டுமானால் 130 முதல் 200 வாட் வரை வேண்டும். அந்தச் சூட்டை விரல் அளவு பல்பும் ஒரு குட்டி ஃபேனும் தாங்காது.

‘பகல் மாதிரி’ என்று தோன்றுவதற்கும் காரணம் இருக்கிறது. வண்டிக்கு முன்னால் 30, 40 அடியில் தரை பளீரென்று இருந்தால் கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிச் சுருங்கிவிடும். அதற்கு அப்பால் இருப்பது முன்பைவிட இருட்டாகத் தெரியும். ஓட்டுகிறவருக்குத் திருப்தியாக இருக்கும், ஆனால் தூரத்தில் பார்வை குறைந்திருக்கும். ஜெர்மனியில் 2020இலிருந்து மாற்று எல்இடி பல்புகளுக்கு அனுமதி தந்திருக்கிறார்கள். அதுவும் குறிப்பிட்ட பல்பைக் குறிப்பிட்ட வண்டியில் போட்டுச் சோதித்த பிறகு, அந்த மாடல்களுக்கு மட்டும்.

இரவுப் பறவை

என் வண்டியில் புரொஜெக்டர் விளக்கு, முன்னால் உருண்டை லென்ஸ் வைத்தது. எல்இடி போட்ட பிறகும் வெட்டுக் கோடு கத்தி மாதிரி நிற்கிறது. யாரும் லைட் அடிக்கவில்லை.

விளக்கு வேலை

புரொஜெக்டரில் வெட்டுவதற்குத் தனித் தகடு இருக்கிறது, அது எந்தப் பல்புக்கும் வெட்டும். அதனால் ரிஃப்ளெக்டர் அளவுக்குக் கெடாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஜப்பான் தகடு வெட்டுகிற வெளிச்சம் இடது பக்கம்தான் உயரும், நீங்களும் சுவரில் பாருங்கள். சில ஐரோப்பிய வண்டிகளில் அந்தத் தகட்டைத் தட்டையாக்க உள்ளே ஒரு குட்டி நெம்புகோல் வைத்திருப்பார்கள். ஜப்பான் உள்நாட்டு வண்டியில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

மழைக்காலம் மே முதல் அக்டோபர் வரை ஓடுகிற நாட்டில் 6000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண்) நீல வெள்ளை வேண்டாம் என்பதும் என் கருத்து. நனைந்த தாரில் அது கரைந்துபோகும். எல்இடிதான் வேண்டும் என்கிறவர்கள் 4300 பக்கம் வாங்குங்கள்.

பெகு வண்டி

அப்படியானால் 100/90 ஹாலஜன்?

விளக்கு வேலை

அதுவும் வேண்டாம். 60/55க்காக இழுத்த ஒயர் அது. டிம்மில் இரண்டு விளக்குக்கும் சேர்த்து இப்போது 9 ஆம்பியர் ஓடுகிறது. 90 வாட் போட்டால் 15 ஆம்பியர். ஹோல்டர் உருகிக் கறுத்து வருகிற வண்டிகளை வாரம் தவறாமல் பார்க்கிறேன். ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சும் கருகும், அது போனால் விளக்கே போன மாதிரி.

அதற்குப் பதில் 60/55 நல்ல பல்பையே வைத்துக்கொண்டு வோல்ட் அளந்து பாருங்கள். என்ஜின் ஓட, விளக்கு எரிய, பேட்டரி முனையில் ஒரு அளவு. பல்பு ஹோல்டரின் பின்னால் ஊசி குத்தி இன்னொரு அளவு. வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் ஒயரிலும் சுவிட்சிலும் கரண்ட் வீணாகிறது. ஹாலஜனில் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறையும். இத்தனை வருடம் ஓடிய வண்டிகளில் எர்த் போல்ட் துருப்பிடித்தே பாதி வெளிச்சம் போயிருக்கும். எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். இரண்டு ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் சுவிட்ச்) வைத்து, 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரைப் பேட்டரியிலிருந்து நேராக இழுங்கள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைக்க மறக்காதீர்கள். பல்பு மாற்றாமலேயே வெளிச்சம் கூடும்.

சிரியம் ஆசிரியை

நான் ஓட்டுவது ஹோண்டா ஃபிட். விளக்கின் முன்பக்கம் மஞ்சளாகி, புகை பிடித்தது போல் இருக்கிறது. பற்பசை போட்டுத் தேய்க்கச் சொன்னார்கள், தேய்த்தேன், கொஞ்ச நாளில் பழையபடி ஆகிவிட்டது. வயதும் ஐம்பதைத் தாண்டியதால் கண்ணா, விளக்கா என்றே புரியவில்லை. மஞ்சள் கண்ணாடி போட்டு ஓட்டலாமா?

விளக்கு வேலை

அக்கா, மஞ்சள் கண்ணாடி வேண்டாம். இருக்கிற வெளிச்சத்தையும் அது குறைக்கும். கண்ணை ஒரு தரம் டாக்டரிடம் காட்டிவிடுங்கள், கண்புரை ஆரம்பித்தாலும் எதிர் விளக்கு இப்படித்தான் சிதறும். வீட்டில் செய்யக்கூடியது, முன் கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடைப்பது. அங்கே படிகிற மெல்லிய எண்ணெய்ப் படலத்தைப் பகலில் யாரும் கவனிப்பதில்லை, ராத்திரியில் அதுதான் பாதிக் கூச்சம்.

விளக்கின் முன்பக்கம் பிளாஸ்டிக். தொழிற்சாலையில் பூசிய வெயில் தடுப்புப் பூச்சு கரைந்ததால்தான் மஞ்சள் ஆகிறது. பற்பசை அழுக்கை எடுக்கும், பூச்சைத் திரும்பத் தராது. தண்ணீர் விட்டு 1000, 1500, 2000, 3000 என்று வரிசையாக உப்புத்தாள் பிடித்து, பாலிஷ் போட்டு, அதன்மேல் வெயில் தாங்கும் கிளியர் பூச வேண்டும். அந்தக் கடைசி வேலையை விட்டால் மற்ற எல்லாம் வீண். முதல் தாளில் கண்ணாடி முழுக்கப் பால் மாதிரி ஆகும், பயப்பட வேண்டாம்.

சிரியம் ஆசிரியை

நன்றி தம்பி. திசை விஷயத்தில் என் வண்டிக்கு வழி உண்டா?

விளக்கு வேலை

உங்களுக்கு இருக்கிறது அக்கா. ஃபிட் ஐரோப்பாவில் ஜாஸ் என்ற பெயரில் இடதுகை ஸ்டியரிங்கோடு விற்ற வண்டி. அதே தலைமுறை ஜாஸின் விளக்கு ஜோடி கிடைத்தால் வலது பக்கம் தூக்கும். டொயோட்டா விட்ஸ் வைத்திருப்பவர்கள், அது ஐரோப்பாவில் விற்ற பெயரான யாரிஸின் விளக்கைத் தேடலாம். புரோபாக்ஸ் பெகு வண்டித் தம்பிக்குத்தான் சங்கடம். அது ஜப்பானுக்குள் ஓடுவதற்கென்றே செய்த வண்டி. வலது ஓட்டத்துக்கென்று தொழிற்சாலையிலிருந்தே வந்த புரோபாக்ஸ் விளக்கு என் கைக்கு வந்ததில்லை.

வாங்கும்போது கண்ணாடியில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். ஐரோப்பிய விதிப்படி செய்த விளக்கில் வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் நாட்டு எண்ணும் இருக்கும். 1 ஜெர்மனி, 2 பிரான்ஸ், 11 பிரிட்டன், 43 ஜப்பான். அதன் கீழே ஒரு அம்புக்குறி இருந்து, விளக்கை எதிரே நின்று பார்க்கும் உங்கள் வலது பக்கம் காட்டினால், அது இடது ஓட்டத்துக்கான விளக்கு, நமக்கு ஆகாது. அம்பே இல்லாவிட்டால் வலது ஓட்டம், நமக்கு வேண்டியது. இருபக்கமும் காட்டினால் இரண்டுக்கும் மாற்றக்கூடியது. வட்ட முத்திரையே இல்லாத ஜப்பான் உள்நாட்டு விளக்குகளும் உண்டு, அவற்றில் அம்பு இல்லை என்பதை வைத்து ஏமாறக் கூடாது.

பெகு வண்டி

என் விளக்குக்கு வேறு வழியே இல்லையா அண்ணே?

விளக்கு வேலை

இருக்கிறது. பிரிட்டனிலிருந்து பிரான்சுக்குக் காரில் போகிறவர்கள் விளக்கில் ஒட்டு ஒட்டிக்கொள்வார்கள். தூக்குகிற துண்டை மட்டும் மறைக்கிற வேலை. ஒட்ட வேண்டிய இடம் விளக்குக்கு விளக்கு மாறும், ஆகவே நாமே தேட வேண்டும். சுவருக்கு 25 அடியில் டிம் போட்டு, தீப்பெட்டி அளவு அட்டையை விளக்குக் கண்ணாடிமேல் மெதுவாக நகர்த்துங்கள். இன்னொருவர் சுவரைப் பார்க்கட்டும். ஒரு இடத்துக்கு வந்ததும் இடது சாய்வு மட்டும் அணைந்து, மற்றது அப்படியே நிற்கும். அங்கே பென்சிலால் குறித்து, சூடு தாங்கும் டேப்பை அந்த அளவுக்கு மட்டும் ஒட்டுங்கள். முதல் சில நாள் டேப் ஓரத்தில் பிளாஸ்டிக் வெடிக்கிறதா என்று கவனியுங்கள்.

அதற்கு முன் இரண்டு விளக்கையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். விளக்கின் பின்னால் இரண்டு திருகு இருக்கும், ஒன்று மேலும் கீழும், மற்றது பக்கவாட்டு. நட்சத்திர ஸ்க்ரூடிரைவர் போதும். சுவரில் குறித்த உயரத்துக்கு 3 அங்குலம் கீழே மட்டக் கோடு நிற்க வேண்டும்.

பெகு வண்டி

அண்ணே, மச்சானைச் சுவர்ப் பக்கம் நிறுத்திவிட்டு அட்டை வைத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே ஒரு இடத்தில் சாய்வு மட்டும் போனது. டேப் ஒட்டி, உயரமும் சரி பண்ணி ஓட்டுகிறேன். எதிரே வருகிறவர்கள் லைட் அடிப்பது நின்றுவிட்டது. எர்த்தைச் சுத்தம் செய்ததில் வெளிச்சமும் கூடியிருக்கிறது. வலது ஓரம் மட்டும் இன்னும் இருட்டுதான்.

விளக்கு வேலை

இருக்கும். டேப் வெட்டும், தூக்காது. அந்த ஓரத்துக்குப் பம்பரில் ஒரு ஜோடி ஃபாக் லைட் போடுங்கள். ஃபாக் லைட் வெளிச்சம் தாழ்வாக, அகலமாக விரியும், ரோட்டின் விளிம்பும் மண்ணும் தெரியும். நல்ல விளக்காக வாங்கி, வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்த விளக்கின் உயரத்துக்கு மேல் ஏறாமல் செட் பண்ணுங்கள். தூரத்துக்கு அது உதவாது, கிராமங்களுக்குள் 25, 30 மைலில் போகும்போது உதவும். எதிரே யாரும் இல்லாதபோது பிரைட் போடச் சோம்பல்படாதீர்கள்.

தொங்குவா லாரி

மாட்டு வண்டிக்காரர்களுக்கும் ஏதாவது செய்ய வேண்டும். எங்கள் பக்கம் பங்குனித் திருவிழாவுக்கு முன் கோவில் பையன்கள் சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப் வாங்கி, வண்டிகளின் பின்பலகையில் ஒட்டிவிட்டார்கள். டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பில் படும் கொஞ்ச வெளிச்சத்துக்கே அது பளிச்சென்று காட்டுகிறது. பலகையில் தாழ்வாக, ஒன்றரை அடி உயரத்தில் ஒட்டுவது நல்லது.

சிரியம் ஆசிரியை

தம்பி, ஒரு கடையில் ஜாஸ் விளக்கு ஜோடி இருக்கிறதாம். பார்க்கப் போகிறேன். வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

விளக்கு வேலை

உங்கள் விளக்கின் பின்பக்கத்தையும் சாக்கெட்டுகளையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் வண்டியும் அந்த ஜாஸும் ஒரே தலைமுறையாக இருக்க வேண்டும், பல்பு வகையும் ஒன்றாக இருக்க வேண்டும். உயரம் மாற்றும் மோட்டாரின் சாக்கெட் வேறாக இருந்தால் பழையதிலிருந்து கழற்றி மாட்டலாம், அதற்காகப் பேரத்தை விட வேண்டாம். விளக்கை வண்டியில் மாட்டும் காதுகள் உடையாமல் இருக்கிறதா, உள்ளே வெள்ளிப் பூச்சு உரிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பூச்சு உரிந்த விளக்கை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். காசு கொடுக்கும் முன் கடைக்காரரிடம் பேட்டரியில் ஒயர் கொடுத்து எரியவைக்கச் சொல்லி, எதிர்ச் சுவரில் வலது பக்கம் தூக்குகிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள்.